மூன்றாவது பெட்டி

எதை வாங்குவது என்று தெரிந்திருந்தால் அருணகிரி இந்தச் சோபாவில் வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டார், போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து மனுஷன் கண் அசருகிற நேரம். தில்லைநகரில் பிரிட்டோவின் கடைக்குப் பின்னால், கேட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்கென்றே ஒரு அறை இருக்கிறது. எதிர்ச் சுவர் முழுக்கத் திரை, அதன் கீழே தட்டில் இரண்டு ரிசீவர், தரையில் வரிசையாக மூன்று சப்வூஃபர். ரிசீவர் என்றால் எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி, சப்வூஃபர் என்றால் இடி, குண்டு, லாரி, யானை இந்த மாதிரி சத்தத்துக்கென்றே வைக்கிற பெட்டி, இவ்வளவுதான் விஷயம் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தார். இவ்வளவுதான் இல்லை. ஒரு வாரமாகப் போனில் படித்துப் படித்து மண்டை காய்ந்துவிட்டது. ஏழு சேனலா ஒன்பது சேனலா, பத்து இன்ச்சா பன்னிரண்டு இன்ச்சா, பெட்டியில் ஓட்டை இருக்க வேண்டுமா கூடாதா. ஓட்டை இருந்தால் இடி நீளும், இல்லாவிட்டால் நறுக்கென்று நிற்கும் என்று ஒருத்தன் எழுதுகிறான், அதெல்லாம் பழைய கதை என்று இன்னொருத்தன் அவனைக் கிழிக்கிறான், நடுவில் மூன்றாவது ஒருத்தன் வந்து முதலில் உங்கள் அறையை அளந்தீர்களா என்கிறான். காலம் பூராவும் பொன்மலை ரயில்வே பணிமனையில் அளந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் அளக்கிற வேலையா. பிரிட்டோ நல்ல மனுஷன்தான், நாற்பது வயசிருக்கும், அவசரப்படுத்தவில்லை, ஆனால் வாயைத் திறந்தால் வாட்ஸும் ஹெர்ட்ஸுமாகக் கொட்டுகிறது. “சாருக்கு சினிமாவா, பாட்டா?” என்று முதலில் கேட்டார். இரண்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது. சினிமா என்று சொல்லிவைத்தார். பக்கத்தில் அவர் மனைவி சுகந்தி, இரண்டு உள்ளங்கையையும் சோபாவில் பதித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சுகந்திக்குக் காது கேட்காது. கொஞ்சம் கேட்கும், கத்தினால் கேட்கும் என்கிற கதை இல்லை, அடியோடு கேட்காது. முந்தின வருஷம் ஒரு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் போயிருந்தது. கருவி மாட்டிப் பார்த்தாகிவிட்டது, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். ஆபரேஷன் செய்தும் பிரயோஜனமில்லை, நரம்பே பட்டுப்போய்விட்டது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இதை எத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னதும் எதிராளி முகம் மாறும், ஐயையோ என்பார்கள், அந்த நிமிஷத்திலிருந்து அவளை விட்டுவிட்டு இவரைப் பார்த்தே பேசுவார்கள், கடைசியில் யாராவது ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்பார். அதனால்தான் பிரிட்டோவிடம் சொல்லவில்லை. ஸ்பீக்கர் விற்கிறவனிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயமே அதுதான், தெரியாமல் இல்லை, ஆனால் இன்னொரு முகம் மாறுவதைப் பார்க்க இன்றைக்குத் தெம்பு இல்லை. அவள் உதட்டைப் பார்த்து கொஞ்சம் பிடித்துக்கொள்வாள், மீதியை இவர் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதுவார். ஆரம்பத்தில் முழுசு முழுசாக எழுதினார். கூட்டு நன்றாயிருந்தது, கீழ்வீட்டு ஆரோக்கியசாமி கார் மாற்றிவிட்டார், உன் தம்பி பேசினான் உன்னை விசாரித்தான். விரல் எத்தனை நாளைக்கு ஓடும். தேய்ந்து தேய்ந்து ஒற்றை வார்த்தையாயிற்று. பூட்டு. மாத்திரை. பால். யாரு. எப்போ. சும்மா பேசுவது என்று ஒன்று உண்டே, ஒரு காரியமும் இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசுவது, அதுதான் முதலில் போயிற்று. போனது கூடத் தெரியவில்லை. ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று நினைத்தார், இவளிடம் வம்பு பேசி எவ்வளவு காலம் இருக்கும் என்று. ஞாபகத்துக்கு வரவில்லை. தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது சாயங்காலம் மட்டும்தான். அதுவும் தானாக அமைந்தது. எப்போதோ ஒரு தீபாவளிக்கு வாங்கிய ஹோம் தியேட்டர் செட், நாலு குட்டி ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், அதில் அவர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். குறைத்துத்தான் வைப்பார், அவள் கேட்காமல் இருக்கையில் தான் மட்டும் கேட்பது என்னவோ அவளுக்குத் தெரியாமல் தின்பண்டம் தின்கிற மாதிரி இருக்கும். அவள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு சோபாவின் முதுகில் கையை வைத்தாள், அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒரு பாலம் வெடித்தது. “அதிருதுங்க” என்றாள். உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது, ஆனால் அருணகிரிக்கு அது போதுமாயிருந்தது, எல்லாம் போய்விடவில்லை, ஒரு சத்தமாவது அவளிடம் போய்ச் சேருகிறது என்று. எழுந்து போய் சப்வூஃபரின் திருகை முழுக்கத் திருகி வைத்தார். அன்றிலிருந்து விளக்கு வைத்த கையோடு அவள் வந்து உட்காருவாள், இவர் வெடிக்கிற படமாகத் தேடிப் போடுவார், இரண்டு பேரும் அரைமணி, ஒரு மணி நேரம். அவள் உள்ளங்கையை இப்படித்தான் சோபாவில் பதித்துக்கொள்வாள். நடுவில் இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், எப்படி என்று. அவள் தலையாட்டுவாள். படத்தின் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துக்கொண்டு வருகிறவள் ஆனபடியால், சிரிக்கிற இடம் வந்தால் அவள் முதலில் சிரித்துவிடுவாள், அந்த ஆள் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டான். அந்த முந்திக்கொண்டு வருகிற சிரிப்புக்காகவே எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்வது என்று சொன்னால் சும்மா இல்லை. அவருக்கு அந்த இடி பிடிக்காது. ஆகவே ஆகாது. பணிமனையில் காலையிலிருந்து சுத்தியல், கம்ப்ரஸர், கிரேன் ஊதுகிற ஊதல், இரும்பின் மேல் இரும்பைத் தூக்கிப் போடுகிற சத்தம், எல்லாம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் வீட்டுக்கு வரும். உங்க காதுதான் முதல்ல போகப்போவுது பாருங்க, நான் கத்திக் கத்தியே சாகப்போறேன் என்று சுகந்தி அந்தக் காலத்தில் கிண்டல் பண்ணுவாள். வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது ஃபேன் சத்தம் கூட இல்லாத ஒரு மூலை. கிடைத்தது என்ன, வேளை தவறாமல் ஒரு பாலம் வெடிப்பது. பழைய பெட்டி வேறு ஒழுங்காக இடிக்காது, டம்மென்று ஆரம்பித்து ர்ர்ர் என்று இழுக்கும், பேசுகிற பேச்செல்லாம் அதில் அமுங்கிப்போகும், கதாநாயகி அழுகிறாளா கூப்பிடுகிறாளா தெரியாது. படம் முடிகிறபோது நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும், மாத்திரை போட்டுக்கொள்வார், அவள் பார்க்காமல். கீழ்வீட்டு ஆரோக்கியசாமி இரண்டு தடவை மேலே வந்து, “சார், எங்க வீட்டு பீரோவே நடுங்குது சார்” என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அவரோடு சேர்ந்து தன் வீட்டுக் கதவைத் தட்டலாம் போல இருந்தது அருணகிரிக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, திருகை அப்படியே வைத்திருந்தார். இதை நிறுத்தினால் அவளுக்கு என்ன இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பின்னாலேயே தனக்கு என்ன இருக்கிறது என்று வரும், அது வருவதற்குள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்.

அந்தப் பெட்டி போன வாரம் படுத்துவிட்டது. கருகின வாசனை வந்தது, நின்றுவிட்டது. மறுநாள் சாயங்காலம் சுகந்தி வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். இவர் போனை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று தேடிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் இருந்தாள், பெட்டியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். பால்கனியில் துணியை எடுத்து மடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாளும் வந்தாள், எழுந்து போனாள். அதற்கடுத்த நாள் வரவேயில்லை. அருணகிரி பயந்துபோனார். இப்படித்தான் ஆகும், ஒரு சாயங்காலம் பால்கனி, ஒரு சாயங்காலம் படுக்கையறை, அப்புறம் அந்த நிசப்தத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள், வெளியே இவர் பூட்டு, பால், மாத்திரை என்று எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பயத்தில்தான் இந்த ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுத் தேடியது. வெறும் சப்வூஃபர் வாங்கினால் போதாதாம், பழைய செட்டோடு அது ஒட்டாதாம், ரிசீவரையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். மாற்றித் தொலைக்கிறோம். நன்றாக இடிக்கிற ஒன்று. அவள் உடம்பில் போய் ஏறுகிற மாதிரி. இன்றைக்கே வாங்கி, இன்றைக்கே மாட்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளைச் சோபாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும்.

பிரிட்டோ விளக்கை அணைத்துவிட்டு முதல் பெட்டியைப் போட்டுக் காட்டினார், பன்னிரண்டு இன்ச், ஓட்டை வைத்தது. திரையில் ஏதோ இங்கிலீஷ் சண்டைப் படம், துறைமுகம், மழை, ராத்திரி, ஒருத்தி தகரக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள், மேலே ஹெலிகாப்டர் வருகிறது. வந்தது என்றால் எங்கே வந்தது, நேரே அருணகிரியின் விலா எலும்புக்குள் வந்தது. சட்டைப் பொத்தான் துடித்தது. சாப்பிட்ட சாம்பார் மேலே எழும்பிக்கொண்டு வந்தது. கடவுளே, பழைய பெட்டியே தேவலை போலிருக்கிறதே, இதையா தினம் தினம், ரிட்டையர் ஆனபிறகும், எழுபது வயசிலும். அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது, பக்கத்தில் இருப்பவள் காதை இழந்து உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு ஹெலிகாப்டர் தாங்கவில்லையாம். திரும்பி அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை பதிந்தபடி. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சிரித்துத் தலையாட்டினாள். “மேடத்துக்குப் புடிச்சிருச்சு” என்றார் பிரிட்டோ, சந்தோஷமாக, “லேடீஸ் பொதுவா சத்தத்தக் கொறைங்கன்னுதான் சொல்லுவாங்க சார், மேடம் வேற மாதிரி இருக்காங்க.” அப்புறம் அவளைப் பார்த்தே கேட்டார், “மேடம், டயலாக் தெளிவா இருக்கா? நீங்க சொல்லுங்க, உங்க காதுதான் தீர்ப்பு.” அவள் அவர் உதட்டையே பார்த்தாள், தாடி மறைத்தது, ஒன்றும் பிடிபடவில்லை என்று தெரிந்தது, ஆனாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். இந்தத் தலையாட்டலை அவள் எல்லோரிடமும் வைத்திருக்கிறாள், பால்காரனிடம், கல்யாண வீட்டில், பேங்க்கில், ஒப்புக்கு ஒரு சிரிப்பு, விட்டால் போதும் என்று. எனக்குக் காட்டுவது வேறு, அது நிஜம், என்று அருணகிரி நினைத்துக்கொண்டார். வேறுதானே. வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி சின்னது, ஓட்டை இல்லாதது. அதே துறைமுகம், அதே மழை, அதே ஹெலிகாப்டர். இது இழுக்கவில்லை, குத்தியது. முஷ்டியால் நெஞ்சில் டொக் டொக்கென்று குத்துகிற மாதிரி. எது நல்லது, இழுப்பதா குத்துவதா, எது அவளிடம் போகும், எதை என்னால் தாங்க முடியும், இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். யோசிக்க ஆரம்பித்தால் யோசனை ஓரிடத்தில் போய்ச் சிக்கிக்கொண்டு சுற்றுகிறது. பிரிட்டோ நடுவில் ரிசீவருக்குப் போய்விட்டார். “இதுகூட ஒரு மைக் வரும் சார். நீங்க உக்கார்ற எடத்துல, காது இருக்கிற உயரத்துல அத வெச்சா, ரிசீவரே டொய்ங் டொய்ங்னு சத்தம் விட்டுப் பாத்து, உங்க காதுக்கு எப்படி வரணுமோ அப்படித் தானா சரி பண்ணிக்கும். வீட்டுல எத்தன பேர் சார் உக்காருவீங்க?” இரண்டு பேர் என்றார் அருணகிரி. “அப்ப ரெண்டு எடத்துலயும் வைக்கணும். சார் காது ஒரு அளவு, மேடம் காது ஒரு அளவு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு சத்தம் புடிச்சுக் குடுத்துரும்.” அருணகிரி தலையாட்டினார். சுகந்தியின் காது உயரத்தில் ஒரு மைக் வைத்து, அந்த மெஷின் அவள் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கும். அதற்கு எல்லாம் கேட்கும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சத்தம். அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு விலையானாலும் வாங்கிக்கொண்டு போய்விடலாம், அலைச்சல் மிச்சம். அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். சிரித்தாள், தலையாட்டினாள். முதல் பெட்டிக்கு ஆட்டின அதே அளவு, அதே கோணம். ஏதாவது ஒன்றை நன்றாயில்லை என்று சொல்லேன், நானே எல்லாவற்றையும் முடிவு பண்ண வேண்டுமா என்று எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்த வேகத்திலேயே பாவமாகவும் இருந்தது. கையைப் பிடித்து, எது, என்று எழுதினார். “ரெண்டும் நல்லா இருக்குங்க” என்றாள். தன் சத்தம் தனக்குத் தெரியாததால் அவள் எப்போதுமே ஒரு சுற்று உரக்கத்தான் பேசுவாள். பிரிட்டோ கொஞ்சம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒயரை மூன்றாவது பெட்டிக்கு மாற்றக் குனிந்தார்.

மூன்றாவது பெட்டிதான் இருப்பதிலேயே பெரியது, தரையைப் பார்த்து இடிக்கிற வகை, இது போட்டா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும் சார் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். அருணகிரி தோளை இறுக்கிக்கொண்டார். துறைமுகம் வந்தது. மழை வந்தது. மழை தகரத்தின் மேல் விழுவது தனியாக, தண்ணீரில் விழுவது தனியாகக் கேட்டது. ஒளிந்திருக்கிற பெண் மூச்சை அடக்கிக்கொள்வது கேட்டது, அவள் கோட்டா கவுனா ஏதோ ஒன்று, துணி உரசுகிற சத்தம் கேட்டது. ஹெலிகாப்டர் வந்தது, எங்கோ ஒரு ஓரமாகப் போயிற்று. விலா எலும்பு சும்மா இருந்தது. அட, இது நன்றாக இருக்கிறதே என்று நினைத்தார். இறுக்கின தோள் தானாக இறங்கிற்று. எத்தனை காலம் ஆயிற்று இப்படி ஒரு படத்தைக் கேட்டு. அந்தப் பெண் யாரிடமோ கிசுகிசுவென்று பேசுகிறாள், ஒவ்வொரு எழுத்தும் புரிகிறது, எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை. சோபாவில் சரிந்து உட்கார்ந்தார், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் தூங்கியிருப்பார், அப்போதுதான் பெட்டியின் மூலையில் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தார். மற்ற இரண்டும் ஓடினபோது பச்சையாக எரிந்தது. இது சிவப்பில் நின்றுகொண்டிருந்தது. ரயில்வேக்காரனுக்குச் சிவப்பு விளக்கைப் பார்த்தால் தூக்கம் வராது. பெட்டி ஓடவேயில்லை. ஒயரை மாற்றின பிரிட்டோ பின்னால் இருக்கிற சுவிட்சைப் போட மறந்திருக்கிறார். சரிதான், நல்லதாக ஒன்று கிடைத்ததே என்று பார்த்தால் அது ஓடாத பெட்டி. சொல்வதற்காகத் திரும்பினார், திரும்பின இடத்தில் சுகந்தியைப் பார்த்தார்.

அவள் கை சோபாவில் இல்லை. மடியில் இருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். முகம் தளர்ந்திருந்தது, கல்யாண வீட்டுச் சிரிப்பு எதுவும் இல்லை, வேலையெல்லாம் ஒழித்துவிட்டு உட்கார்ந்தவள் முகம். இந்த முகத்தைப் பார்த்து நாளாயிற்று. அவர் கட்டைவிரலைத் தூக்கவேயில்லை, அவளாகவே திரும்பி, கடை வாசல் வரை கேட்கிற குரலில் சொன்னாள். “என்னங்க, இதுதாங்க நல்லா இருக்கு. இதையே வாங்கிடலாம்.”

“சாரி சார்” என்றார் பிரிட்டோ, விளக்கை அப்போதுதான் பார்த்து. “இது ஆன்லயே இல்ல. மேடம் எப்படி…” என்று இழுத்துக்கொண்டே சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். “தொடாதீங்க” என்றார் அருணகிரி. “இருக்கட்டும். அவங்களுக்குக் காது கேக்காதுங்க. சுத்தமா கேக்காது.” பிரிட்டோவின் முகம் மாறிற்று, எல்லோர் முகமும் மாறுகிற மாதிரிதான், ஆனால் அருணகிரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓடாத பெட்டி இவளுக்குப் பிடித்திருக்கிறது. ஓடின பெட்டி இரண்டுக்கும் பால்காரனுக்கு ஆட்டுகிற தலையை எனக்கு ஆட்டியிருக்கிறாள். அப்படியானால் வீட்டில். அப்படியானால் அந்தச் சாயங்காலம் எல்லாம். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது, காலுக்குக் கீழே படி இல்லாத மாதிரி இருந்தது, இருக்கிறது ஒன்றே ஒன்று என்று வைத்திருந்தோமே அதுவும் ஒப்புக்குத்தானா. அவள் கையை மடியிலிருந்து எடுத்து, இது ஓடல, என்று எழுதினார். அவள் படித்தாள். பெட்டியைப் பார்த்தாள். “அப்படியா” என்றாள். அதிசயமாக மெதுவாகச் சொன்னாள். “மெதுவா அடிக்கிற பெட்டி போலருக்கு, நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.” அதிர்ந்தா பிடிக்காதா, என்று எழுதினார். அவசரத்தில் பாதி எழுத்து சரியாக விழவில்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள், திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

“வயித்தப் பெரட்டும்” என்றாள் கடைசியில். “காய்ச்சல்ல கெடந்தேன்ல, அப்ப ஒடம்பு இப்படித்தான் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அதே மாதிரி இருக்கும். கைய அழுத்தி வெச்சுக்கிட்டா கொஞ்சம் தேவல.” அருணகிரி அவள் கையைப் பார்த்தார். இவள் கையைப் பதித்ததை ரசிப்பு என்று நினைத்து, திருகை முழுக்கத் திருகி வைத்து, தேடித் தேடி வெடிக்கிற படமாகப் போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலை அல்லவா தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். எழுத முடியவில்லை, வாயாலேயே கேட்டார், அவள் உதட்டைப் பார்க்கட்டும் என்று முகத்தைக் காட்டி. “பின்ன ஏன் உக்காந்த?”

“நீங்கதான் ஆசையாச் சத்தத்தக் கூட்டி வெச்சீங்க. நாளெல்லாம் ஒழைச்சுட்டு வர்ற மனுஷன், இந்த ஒண்ணாவது இருக்கட்டும்னு பாத்தேன். நானும் எந்திரிச்சுப் போயிட்டா நீங்க உங்க பாட்டுக்குத் தனியா கேட்டுக்கப் பழகிருவீங்க. அப்புறம் என்னை எதுக்குக் கூப்புடப் போறீங்க.” உரக்கத்தான் சொன்னாள், மறைவாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தாலும் மறைவான குரல் அவளிடம் இல்லை. பிரிட்டோ படத்தை நிறுத்திவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரிசீவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருணகிரி அவள் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார். எனக்கும் அது பிடிக்காது. தலை வலிக்கும். உனக்காகத்தான் வைத்தேன். மூன்று வாக்கியம். எழுதி முடிக்க நேரமாயிற்று, அவள் நடுவில் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முடிந்ததும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப அந்த ஆரோக்கியசாமி சண்டைக்கு வந்தது நம்ம மூணு பேருக்கும் சேத்துத்தானா?” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, இரண்டு பேராலும் அதை வெகுநேரம் சிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் பட்டது எதற்கு என்று நினைத்தால் அழுகையாக வந்தது அருணகிரிக்கு, கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டார். போன வாரம் ஏன் எழுந்து போனாய் என்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது, கேட்டார். “நீங்க போனையே பாத்துட்டிருந்தீங்க” என்றாள். “பக்கத்துல உக்காந்திருக்கேன், ஏறெடுத்துப் பாக்கல. எனக்கென்ன தெரியும், பொட்டி தேடுறீங்கன்னு.”

“சார், அப்ப ரிசீவர் மட்டுமாவது…” என்று பிரிட்டோ தயங்கிக்கொண்டே கேட்டார். அருணகிரி வேண்டாம் என்று தலையசைத்தார். பிரிட்டோ ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். இனி எழுந்து போக வேண்டியதுதான், வாங்க வந்தது எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது, ஆனால் எழுந்தால் வீடு, வீட்டுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரம் வரும், அந்த நேரத்துக்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. பிடிக்காத சத்தமாக இருந்தாலும் ஒரு சாக்கு இருந்தது, இரண்டு பேரையும் ஒரு சோபாவில் உட்கார்த்தி வைக்க. இன்றைக்கு அதையும் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. சுகந்தி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். “அப்ப இனிமே சாயங்காலம் என்னங்க பண்றது?” என்று கேட்டாள். கேட்ட குரலில் பயம் இருந்தது. தன்னுடையதென்றே இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்த அதே பயம் அவள் முகத்தில் இருப்பதை அருணகிரி பார்த்தார். யோசித்தார். சீட்டு விளையாடலாம், கோயிலுக்குப் போகலாம், நடக்கலாம், எல்லாம் யாருக்கோ யாரோ சொல்கிற யோசனையாக வந்தது. அயர்ச்சியாக இருந்தது. தெரியல, என்று அவள் கையில் எழுதினார். அவள் அந்த விரலை விடாமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“தெரியலன்னா பரவால்ல” என்றாள், வெளியே கடையில் நின்றவர்கள் கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. “நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. நானும் போகல.”

பிரிட்டோ கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அருணகிரி எழுந்திருக்கவில்லை.